லோடு அண்ணனும் பத்து வீட்டுப் பெட்டியும்

இந்தப் பூமியில் எதையுமே ஒரே இடத்தில் வைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது போடிநாயக்கனூர் ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் லோடு அண்ணன்தான். கோயிலுக்குப் போனால் இடது செருப்பைக் கிழக்கு வாசலிலும் வலது செருப்பைத் தெற்கு வாசலிலும் கழற்றிவிட்டு உள்ளே போவார். "ஒத்தச் செருப்பை எவன் தம்பி களவாங்குவான்?" என்று கேட்பார். மூக்குக் கண்ணாடி மூன்று. ஒன்று கடையில், ஒன்று வீட்டில், ஒன்று டீக்கடை கல்லாப்பெட்டியில். ஒரே மரத்து மாங்காயை ஒரே நாளில் ஊறுகாய் போட்டு, மூன்று ஜாடியில் அடைத்து, மூன்று வீட்டில் கொடுத்து வைப்பார். அவருடைய கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கங்கள் மாமனார் வீட்டிலும் பந்திப் பக்கங்கள் தம்பி வீட்டிலும் இருப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் விசாரித்தேன். உண்மைதான்.

பெயரை மட்டும் கேட்காதீர்கள். எட்டு வருடம் பழகியும் எனக்குத் தெரியாது. கடை போர்டில் இருக்குமே என்று அண்ணாந்து பார்த்தால், 'இங்கு நகல் எடுக்கப்படும்' என்பதோடு போர்டு முடிந்துவிடும்.

லோடு என்ற பட்டம் ஜீப்பில் வந்தது. போடி ஜீப் ஸ்டாண்டை விடியற்காலையில் பார்க்காதவர்கள் ஏதோ பாவம் செய்தவர்கள். தலையில் துண்டும் கையில் தூக்குவாளியுமாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற கூட்டம் மொத்தமும் அங்கே நிற்கும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதை ஜீப்பே எண்ணி முடித்திருக்காது. யார் எந்த வண்டியில் ஏறுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம், யாரும் கொடுக்காமலேயே, இவர் கையில் இருந்தது. கடையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் இந்தச் சேவை. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே வண்டியில் ஏறக் கூடாது.

"ஆத்தா, நீ மொத வண்டி. மகளே, நீ மூணாவது வண்டி. மருமகப்புள்ள, நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கிவச்சிருக்க? மாமியாரு இல்லாத வண்டிதான ஒனக்கு, சிரிச்சுக்கிட்டே ஏறு!"

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கையைக் கோத்துக்கொண்டு வந்து நின்றது ஒருநாள். "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று பையன் கெஞ்சினான். அண்ணன் இரண்டு கையையும் தானே பிரித்துவிட்டு, ஆளுக்கொரு வண்டியில் ஏற்றினார். பின்னால் போன வண்டியிலிருந்து அந்தப் பெண் பார்த்த பார்வையில் அண்ணன் பொசுங்கியிருக்க வேண்டும். பொசுங்கவில்லை.

இதற்குப் பின்னால் ஏதோ பெரிய சோகம் இருக்கிறது, மலைப்பாதையில் ஒரு வளைவு, ஒரு விபத்து என்று நானாகவே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டும் விட்டேன்.

"விபத்தா? நல்ல வார்த்தை சொல்லுங்க தம்பி!" என்று பதறிப்போனார். "நான் சின்னப்புள்ளையா இருக்கையில எங்க வீட்ல ஏழு பேரும் ஒரே ஜீப்புல ஏறுனாக. மலையடிவாரத்துல முந்தலைத் தாண்டி மூணாவது வளைவுல ஜீப்பு படுத்துருச்சு. அன்னைக்கு ஏழு பேருக்கும் வேலை இல்ல. பொழுதுசாஞ்சு வீட்ல ஒலை வைக்கல. பக்கத்து வீட்ல ரெண்டு பேரு ரெண்டு ஜீப்புல போனாக. ஒரு ஜீப்பு போய்ச் சேந்துச்சு. அவுக வீட்ல சோறு வெந்துச்சு. வாசம் எங்க வீட்டுக்கு வந்துச்சு. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் என்றவர், எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டிக்கு ஆள் பிரிக்கப் போனார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையில் ஒரு ஏஐ உதவியாளர் கிடைத்தால் என்ன ஆகும்? பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று கேட்கத்தான் முதலில் போனைத் திறந்தாராம். அது பதில் சொல்ல, கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார். "ஒரு காயிதம் எரிஞ்சாலும் எரியாம இருக்கணும், நனைஞ்சாலும் நனையாம இருக்கணும். வழி இருக்கா?" அது பரவலாக்கப்பட்ட கோப்புச் சேமிப்பு என்று ஆரம்பித்து, ஒரு கோப்பைத் துண்டு துண்டாக்கி வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகளில் வைக்கிற முறையை விளக்கியிருக்கிறது. அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருடமாகத் தான் மட்டுமே நம்பிக்கொண்டிருந்ததை இன்னொரு ஜீவன் சொல்லிக் கேட்டால் யாருக்குத்தான் கலங்காது? அன்றிலிருந்து அது அவருக்கு மாப்பிள்ளை. அது அவரை மாமா என்று கூப்பிட வேண்டும் என்பதும் ஏற்பாடு.

பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, பிரித்து, தூக்குவாளி அளவுக்குப் பத்துக் கருப்புப் பெட்டிகள் செய்தார். மாப்ளே சொல்லச் சொல்ல இவர் திருகினார். பத்தையும் பத்து வீட்டில் வைத்தார். போடியில் ஒரு மருந்துக்கடை, பொட்டிபுரத்தில் ஒரு வாத்தியார் வீடு, ராசிங்காபுரத்தில் மாவு விற்கும் அக்கா வீடு, முந்தல் டீக்கடை, மேலே போடிமெட்டில் ஒரு மலையாளி சேட்டனின் பேக்கரி என்று சமவெளியிலிருந்து மலை உச்சி வரை சங்கிலியாகப் பெட்டிகள். பெட்டிக்கு இடமும் கரண்டும் கொடுக்கிற வீட்டுக்கு, அவர்களுடைய பட்டா, சான்றிதழ், பிள்ளைகளின் மொட்டை போட்ட போட்டோ எல்லாவற்றையும் இலவசமாக வைத்துத் தருவார்.

"மாப்ளே ஒவ்வொண்ணையும் பூட்டுப் போட்டு, பத்துத் துண்டாக்கி, பத்து வீட்டுக்கு அனுப்பிருவாரு. ஒத்தத் துண்டைப் பாத்தா ஒரு எழவும் புரியாது. ஆனா எந்த நாலு துண்டு கெடச்சாலும் முழுசாத் திரும்பி வந்துரும்" என்றார் என்னிடம்.

"அதெப்படிண்ணே நாலு துண்டுல முழுசும் வரும்?"

"ஏழு பேரு இருக்குற வீட்ல ரெண்டு பேரு வேலைக்குப் போனாலே ஒலை கொதிக்கும்ல?"

எனக்கு விளங்கவில்லை. போனை வாங்கி மாப்ளேயிடமே கேட்டேன். அது கணக்குச் சூத்திரத்தில் ஆரம்பித்தது. நான் உலை கொதிப்பதையே ஏற்றுக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தினமும் காலையில் கடையைத் திறந்ததும் அண்ணன் மாப்ளேயைக் கூப்பிடுகிற அழகே தனி.

"மாப்ளே, எல்லாரும் வந்துட்டாகளா?"

"வந்துட்டாங்க மாமா, ஒருத்தரைத் தவிர. பத்துப் பெட்டிகளில் ஒன்பது தொடர்பில் உள்ளன. ராசிங்காபுரம் பெட்டி மட்டும் தினமும் காலை ஆறு மணிக்கு நின்று ஏழே காலுக்குத் திரும்புகிறது. காரணத்தை என்னால் கண்டறிய முடியவில்லை. இணைப்பு, மின்னழுத்தம், மென்பொருள் மூன்றையும் சோதித்துவிட்டேன்."

"மாவாட்டுறா" என்றார் அண்ணன். "நம்ம பெட்டியப் புடுங்கிட்டு கிரைண்டரச் சொருகுறா. அவ சோலியக் கெடுக்காத. ஏழே கால் வரைக்கும் பொறு."

"சரிங்க மாமா. குறித்துக்கொள்கிறேன்" என்றது மாப்ளே. உலகத்தின் மிகப் பெரிய மூளைகள் சேர்ந்து செய்த அறிவுக்கு இட்லி மாவு ஆட்டுகிற நேரத்தைச் சொல்லிக் கொடுத்த மனிதர் என்று அண்ணனை நான் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தது அன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாத் துண்டுகளும் நலம் என்று மாப்ளே சொன்னால் அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார். போடியில் ஏலக்காயை ஏலம் விடுகிற கூடத்தில் வளர்ந்த ஆள். அங்கே மூட்டையைப் பற்றி யார் எவ்வளவு உயர்வாகச் சொன்னாலும் வியாபாரி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, நசுக்கி, முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார். அண்ணனும் அதே கட்சி. "வாயால சொல்லாத மாப்ளே, சாம்பிளக் காட்டு" என்பார். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை மாதிரி ஏதோ உண்டாம். மாப்ளே பத்துப் பெட்டியிலும் கண்ட இடத்தில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கைரேகை பொருந்துகிறதா என்று காட்ட வேண்டும். பத்தும் பொருந்தினால்தான் அண்ணனுக்கு முதல் டீ இறங்கும்.

என் வீட்டிலும் ஒரு பெட்டி வைக்கச் சொன்னார். கரண்டு பில் ஏறும் என்று மறுத்துவிட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவன் நான். ஊருக்கெல்லாம் ஆபத்தைப் பற்றிப் பாடம் எடுத்துவிட்டு, ஒரு பிளக் பாயிண்டுக்குக் கணக்குப் பார்த்தேன். அதற்குக் கிடைத்த தண்டனைதான் மீதிக் கதை.

என் மனைவி கோமதி கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. நாற்பத்து மூன்று வயதில் பிஎச்.டி. செய்யக் கிளம்பினாள். ஏலக்காய்ப் பூவில் எந்தத் தேனீ எத்தனை மணிக்கு உட்காருகிறது என்பது ஆராய்ச்சி. மூன்று வருடம், பூக்கிற மாதங்களிலெல்லாம் விடியற்காலையில் ஜீப் ஏறி, காலில் அட்டைக்கு மருந்து பூசிக்கொண்டு, செடிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து எண்ணினாள். முதல் வருடத்து நோட்டுப் புத்தகம் மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போனதால் எல்லாவற்றையும் லேப்டாப்பில்தான் வைத்திருந்தாள். இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்து வாங்க மதுரைக்குப் போனாள். போகிற போக்கில் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வேலை.

"என்னங்க, டிபார்ட்மெண்ட்ல என் பை இருக்கு. பத்திரமா வீட்டுக்குக் கொண்டாந்து வச்சிருங்க. நாளைக்கு ராத்திரி வந்து கடைசி அத்தியாயத்தை முடிச்சிர்றேன்."

பையில் லேப்டாப்பும் அதன் நகல் இருந்த ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. அன்று மூன்றாவது நாளாக மழை. ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் பையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பள்ளத்தைக் கடந்தேன். ஸ்கூட்டர் கடந்தது, நானும் கடந்தேன், பை மட்டும் முங்கி எழுந்தது.

நனைந்ததை என்ன செய்வது? வேறு ஊர்க்காரனாக இருந்தால் அரிசி மூட்டைக்குள் வைத்திருப்பான், அல்லது ரிப்பேர் கடைக்குப் போயிருப்பான். நான் போடிக்காரன். நனைந்ததைக் காய வைக்க எனக்குத் தெரிந்த உலகத்தரமான இடம் ஒன்றுதான். என் மச்சானின் ஏலக்காய் ஸ்டோர். மலையிலிருந்து வருகிற பச்சைக் காயை அடுக்கடுக்காகத் தட்டில் பரப்பி, சூட்டுக்காற்றில் உலர்த்துகிற கட்டடம். முந்தல் போகிற வழியில் இருக்கிறது. லேப்டாப்பையும் டிஸ்க்கையும் கீழ்த்தட்டில், சூட்டுக்குழாய்க்குப் பக்கத்தில், ஏலக்காய்க்கு நடுவே வைத்தேன். அடுப்பை ஏற்றச் சொன்னேன்.

"அண்ணே, காய்க்கு இம்புட்டுச் சூடு ஆகாது" என்றார் அடுப்புக்காரர்.

"காய்க்கு இல்லப்பா, கம்ப்யூட்டருக்கு!"

மூன்று மணி நேரம் கழித்துத் திறந்தோம். நன்றாகக் காய்ந்திருந்தது. திரை வாழைப்பூ மடல் மாதிரி வளைந்திருந்தது. எழுத்துக் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பேட்டரி வயிறு உப்பியிருந்தது. டிஸ்க்கை ஆட்டிப் பார்த்தால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது. இரண்டிலும் அப்படி ஒரு மணம்.

மறுநாள் காலை, இரண்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு லோடு அண்ணன் கடைக்குப் போனேன். ரிப்பேர் செய்ய ஏதாவது வழி இருக்குமா என்று கேட்கத்தான். அவர் டிஸ்க்கை வாங்கி முகர்ந்தார்.

"எட்டு மில்லி, மொதத்தர ஏலக்காயி. நல்ல பதத்துல எறக்கியிருக்கீக."

நான் அழுதேவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், ஜெராக்ஸ் கடையில், பிறப்புச் சான்றிதழ் நகலெடுக்க வந்த மூன்று பேருக்கு முன்னால்.

"எதுக்குத் தம்பி அழுகுறீக? டீச்சரம்மா சனிக்கிழம தவறாம இங்க வந்து எல்லாத்தையும் பெட்டியில ஏத்திட்டுத்தான போறாக? போன சனிக்கிழம வரைக்கும் இருக்கு."

எனக்குத் தெரியவே தெரியாது. ஏதோ படிவம் நகலெடுக்க முதலில் வந்தாளாம். "இது வேற எங்கயாச்சும் இருக்கா?" என்று அண்ணன் கேட்டாராம். டிஸ்க்கில் இருக்கிறது என்றாளாம். டிஸ்க் எங்கே என்றதற்கு, இதே பையில் என்றாளாம். அண்ணனுக்குப் படபடப்பு வந்து, கோமதி சோடா வாங்கிக் கொடுத்தாளாம். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் ஏற்றுகிறாளாம். வீட்டில் பெட்டி வைக்க மறுத்தவனிடம் எதற்குச் சொல்வானேன் என்று விட்டிருக்கிறாள்.

நான் அண்ணனின் காலில் விழாத குறை. அவரோ போனில் குனிந்திருந்தார்.

"மாப்ளே, டீச்சரம்மா துண்டு எத்தனை கைக்கு எட்டுது?"

"இரண்டு, மாமா."

அண்ணன் ஓடிக்கொண்டிருந்த ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, ஏன் என்றார்.

"முந்தலிலும் அதற்கு மேலும் நேற்று இரவு முதல் மின்சாரம் இல்லை. அங்குள்ள ஆறு பெட்டிகளும் நின்றுவிட்டன. சாலையில் மண் சரிந்திருப்பதால் மின்சாரம் திரும்ப நான்கைந்து நாட்கள் ஆகலாம் என்று செய்தியில் இருக்கிறது. கீழே உள்ள நான்கில் மருந்துக்கடையும் பொட்டிபுரமும் நலம். ராசிங்காபுரம் பெட்டி ஓடுகிறது. ஆனால் அதன் துண்டில் இன்று சாம்பிள் பொருந்தவில்லை."

"மாவு உள்ள போயிருக்கும். நாலாவது?"

"உலர்களப் பெட்டி. நேற்று மதியம் இரண்டு மணிக்கு அளவுக்கு மீறிய வெப்பத்தால் நின்றுவிட்டது. அந்த வெப்பத்துக்கான காரணம் தெரியவில்லை."

அண்ணன் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஏந்தம்பி, நீங்க எந்த ஸ்டோர்ல காய வச்சீக?"

மழைக்காலத்தில் ஈரம் படாத இடம் என்று என் மச்சானின் ஸ்டோரில்தான் ஒரு பெட்டி வைத்திருந்தார் அண்ணன். மேல் அலமாரியில். ஒரே அடுப்பில் அசல், நகல், நகலின் துண்டு மூன்றையும் வறுத்தெடுத்த மனிதன் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"மொதல்ல டீச்சரம்மாவுக்குப் போன் போடுங்க" என்றார்.

"கெடச்சப்புறம் சொல்லிக்கலாமேண்ணே. நாமளே தொறந்து ஒரு புது லேப்டாப்புல போட்டு..."

"திறக்கும் சொல் கோமதி அவர்களிடம் மட்டுமே உள்ளது" என்று மாப்ளே குறுக்கே வந்தது. "மாமாவாலும் திறக்க முடியாது. என்னாலும் முடியாது."

"நான் அவ புருஷன்" என்றேன் போனைப் பார்த்து.

"மன்னிக்க வேண்டும்" என்றது. அதைவிட மரியாதையாக யாரும் என்னை வெளியே தள்ளியதில்லை.

கோமதிக்குப் போன் செய்தேன். முழுவதும் சொன்னேன். ஸ்கூட்டர், பள்ளம், ஸ்டோர், அடுப்பு எல்லாம். அந்தப் பக்கம் மதுரை பஸ்களின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரே கேள்வி கேட்டாள்.

"எத்தனை துண்டு இருக்கு?"

"ரெண்டு."

"நாலு வேணும். பஸ் ஏறிட்டேன்" என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு அண்ணன் செய்ததைப் பார்த்து வாய் பிளந்ததை நான் இன்னும் மூடவில்லை என்றே சொல்லலாம். கடையை அப்படியே போட்டுவிட்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனார். "முந்தல் டீக்கடைக்கு வெரசா ஒரு வண்டி" என்றார். பாதிதான் சொன்னார், மூன்று வண்டி கிளம்பிவிட்டது. ஒன்று போதாதா என்றால், "மழையில எது போய்ச் சேரும்னு யாரு கண்டா?" என்றார். முதல் ஜீப் பாதி வழியில் சேற்றில் சிக்கியது, இரண்டாவது அதை இழுக்க நின்றது. மூன்றாவது ஜீப் டீக்கடைக்காரரையும் பெட்டியையும் சேர்த்தே கொண்டுவந்தது. டீக்கடைக்காரர் குழந்தையைக் குளிப்பாட்டித் தூக்கிவருகிற மாதிரி பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கடையில் சொருகினார்கள்.

"சாம்பிள் பொருந்துகிறது மாமா. மூன்று" என்றது மாப்ளே.

நாலாவதுதான் பாக்கி. முந்தலுக்கு மேலே சாலை அடைத்துக்கிடக்கிறது, அங்கே இருக்கும் எந்தப் பெட்டியையும் கீழே கொண்டுவர வழியில்லை. அண்ணன் போடிமெட்டு பேக்கரிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சேட்டா, ஒங்க கடையில ஜெனரேட்டர் இருக்குல்ல?"

"உண்டு அண்ணா. பக்ஷே டீசல் தீர்ந்து போயி. இன்னைக்கு ரொட்டியே போடல."

"டவரு?"

"கேரளா டவர் கிட்டும்."

"அப்ப டீசலு மட்டுந்தான்." அண்ணன் ஒரு நொடி கண்ணை மூடினார். "சேட்டா, மண்ணு சரிஞ்சதுல நம்ம ஜீப்பு அங்க எத்தனை நிக்குது?"

"ஒரு ஆறு ஏழு உண்டு."

"டிரைவர்மாரு யாரையாச்சும் கூப்புடுங்க."

போனில் ஒரு குரல் வந்தது. "அண்ணே, லோடு அண்ணனா? நாந்தேன். என்னண்ணே செய்யணும்?"

"அப்பு, ஒரு டீச்சரம்மாவோட மூணு வருசப் படிப்பு சேட்டன் கடைப் பெட்டியில கெடக்கு. ஜெனரேட்டருக்கு டீசலு வேணும். ஒரே வண்டியில உறியாத. ஆளுக்குக் கொஞ்சம் உறிங்க. எந்த வண்டியும் வத்திரக் கூடாது."

அந்த டிரைவர் யார் என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். கையைக் கோத்துக்கொண்டு வந்து நின்றானே, அதே புதுமாப்பிள்ளை. இப்போது சொந்தமாக ஜீப் ஓட்டுகிறான். அன்று அவன் ஆறு வண்டியிலும் குழாய் வைத்து உறிஞ்சி, வாயெல்லாம் டீசலாக ஜெனரேட்டருக்கு ஊற்றினானாம்.

மழையில் பஸ் ஊர்ந்து, கோமதி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. புடவையெல்லாம் ஈரம். என்னைப் பார்க்கவில்லை. நேராக அண்ணன் பக்கத்தில் போய் நின்றாள். போனிலிருந்து மலைமேல் ஜெனரேட்டர் உறுமுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு பாதி வரை வந்து நின்றது. மறுபடி நகர்ந்தது. மறுபடி நின்றது. டீக்கடைக்காரர், இரண்டு ஜீப் டிரைவர்கள், காலையில் வந்த பிறப்புச் சான்றிதழ்க்காரர்களில் ஒருவர் என்று எல்லோரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதியின் உதடுகள் அசைந்தன. வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்தேன். செடி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லாம் போய்விட்டால், மனப்பாடமாக எத்தனை எழுத முடியும் என்று பார்த்தாளாம். மூன்று வருடமாக அவள் எண்ணியது விளையாட்டல்ல என்பது எனக்கு உறைத்த நேரம் அது.

"நான்கு, மாமா" என்றது மாப்ளே. "முழுக் கோப்பும் கிடைத்துவிட்டது."

யாரோ விசிலடித்தார்கள். அண்ணன் கையை உயர்த்தி அடக்கினார். "வாயால சொல்லாத. டீச்சரம்மா, பூட்டத் தொறங்க. மாப்ளே, சாம்பிளக் காட்டு."

கோமதி திறக்கும் சொல்லைத் தட்டினாள். மாப்ளே கைபோன இடத்தில் ஒரு வரியை எடுத்துப் படித்தது.

"மூன்றாம் ஆண்டு. குரங்கணிச் சரிவு, நாற்பத்தோராவது செடி. காலை ஏழு பத்து. பூ ஒன்பது. தேனீ இரண்டு. குறிப்பு: இன்று அவரும் கூட வந்தார். அட்டைக்குப் பயந்து ஜீப்பை விட்டு இறங்கவில்லை. ஆனாலும் மூன்று மணி நேரம் எனக்காகக் காத்திருந்தார்."

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோமதியும் அப்போதுதான் முதல் முறையாகப் பார்த்தாள்.

"போதும் மாப்ளே, சாம்பிளு போதும்" என்று அண்ணன் அவசரமாகத் திரையை அணைத்தார். "மூடு. அது அவுக வீட்டு விசயம்."

கடைசி நாள் மாலை ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. மறுவாரம் நானே அண்ணன் கடைக்குப் போய், எங்கள் வீட்டில் பிளக் பாயிண்டு மூன்று காலியாக இருப்பதாகச் சொன்னேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வீட்ல அடுப்பு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பெட்டி வந்தது.

சில மாதம் கழித்து மதுரையில் கோமதிக்கு வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது வழக்கம். வழக்கமாக யாரும் வர மாட்டார்கள். அன்று பத்து வீட்டிலிருந்தும் ஆள் வந்திருந்தது. மாவு அக்கா ரயிலில். மருந்துக்கடைக்காரர் பைக்கில். பொட்டிபுரம் வாத்தியார் ஒரு பஸ்சு, டீக்கடைக்காரர் அடுத்த பஸ்சு. சேட்டன் மலையிலிருந்து கேக்கோடு ஜீப்பில். என் மச்சான் காரில் தனியாக, மூன்று இருக்கை காலியாக. ஒரே வேன் பிடித்து வந்திருக்கலாமே என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

கோமதி ஒரு மணி நேரம் பேசினாள். தேனீயைப் பற்றி அவள் பேசும்போது மாவு அக்கா ஒவ்வொரு படத்துக்கும் தலையாட்டினார். முடிந்ததும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இவங்கள்லாம் யாரும்மா? உங்க சொந்தக்காரங்களா?"

கோமதி கூட்டத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "சார், என் ஆராய்ச்சி முழுக்க இவங்க வீட்லதான் சார் இருந்துச்சு."

தேர்வாளருக்கு அது எவ்வளவு புரிந்தது என்று தெரியாது. ஆனால் முதலில் கைதட்டியவர் அவர்தான். கூடம் முழுவதும் தட்டியது. லோடு அண்ணன் கடைசி வரிசைக்கும் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்காலிகள் காலியாக இருந்தும் உட்காரவில்லை. கோமதி மேடையிலிருந்து அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். யாரையோ கும்பிடுகிறாள் என்று நினைத்து, அவர் விலகி வழிவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களைத்தாண்ணே" என்றேன்.